ஓட்டைக்கும் கணக்கு

லினக்ஸ் கெர்னலில் பிடித்த வரி எது என்று கேட்டால் ஷெட்யூலரிலிருந்தோ ஆர்சியூவிலிருந்தோ ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். என் வாக்கு ஸ்பார்ஸ்மெம்மில் இருக்கும் ஒரு கழித்தலுக்கு. பிசிக்கல் மெமரியின் ஒரு துண்டான செக்ஷனுக்கு ஒதுக்கிய மெம்மேப்பின் (பேஜுக்கு ஒரு ஸ்ட்ரக்ட் பேஜ் வைத்த அரேயின்) முகவரியிலிருந்து அந்தச் செக்ஷனின் முதல் பிஎஃப்என்னை, அதாவது பேஜ் எண்ணைக் கழித்து, வந்த விடையைப் பாயிண்டராகக்கூட வைக்காமல் அன்சைன்ட் லாங்காகத் திருப்பித் தருகிறதே, அந்தக் குட்டி ஃபங்ஷன். ஆண்டி விட்கிராஃப்ட்டும் டேவ் ஹேன்சனும் கொண்டுவந்த பேட்ச் வரிசையோடு 2005 ஆகஸ்டில், 2.6.13-இல் உள்ளே வந்தது. நம் எல்லோருடைய பேட்ச்சிலும் ஸ்பேஸையும் டேப்பையும் குறை சொல்லும் செக்பேட்ச்சை எழுதியவர்களில் விட்கிராஃப்ட்டும் ஒருவர். இந்த ஒரு கழித்தலுக்காக அதையும் மன்னித்துவிடலாம்.

முந்தைய நிலைமையை நினைத்துப் பார்த்தால்தான் இதன் ருசி தெரியும். ஸ்ட்ராங்ஆர்ம் எஸ்ஏ-1100-ஐ எடுத்துக்கொள்வோம். பிசிக்கல் முகவரியில் 3 ஜிபியில் தொடங்கி 128 எம்பிக்கு ஒன்றாக நாலு டிராம் பேங்க். போர்டு செய்தவர் பேங்க்குக்கு 16 எம்பி போட்டால் கையில் இருப்பது 64 எம்பி, பரந்து கிடப்பது 400 எம்பி. தட்டையாக மெம்மேப் போட்டால் 1,02,400 பேஜ், தலைக்கு 32 பைட், 3 எம்பிக்கு மேல் போய்விடும். உண்மையில் தேவைப்படுவது 512 கேபி. அத்தனை சின்ன போர்டில் இரண்டரை எம்பிக்கு மேல் எடுத்து, இல்லாத மெமரிக்குப் படியளக்க யாருக்கு மனசு வரும்?

ஸ்பார்ஸ்மெம்முக்கு முன்பே இருந்த டிஸ்கான்டிக்மெம் காட்டிய வழி, ஒவ்வொரு பேங்க்கையும் ஒரு நோட் என்று எழுதிக்கொள்வது. சிபியு ஒன்றுதான், நோட் நாலு. ஒரே குடும்பத்துக்கு நாலு ரேஷன் கார்டு எடுத்த கதை. நோட்டுக்கு ஒரு பிஜிடேட்டா, அதற்குள் தனித்தனி சோன்கள், தனியாக ஒரு கேஸ்வாப்டி. சீரியல் கன்சோலில் ‘ஆன் நோட் 0 டோட்டல்பேஜஸ்’ என்று தொடங்கி நோட் 3 வரை ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கி வரும்போது, ஏதோ பெரிய நியூமா மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு பெருமை வரும். இப்போது யோசித்தால் சிரிப்புத்தான். நியூமா இல்லை என்று கன்ஃபிக்கில் சொல்லிவிட்டு நோட் எண் மட்டும் பூஜ்யத்தைத் தாண்டினால் மற்ற கோடு எதை நம்பும்? 2011-இல் பிஏ-ரிஸ்க் மெஷின்களில் ஸ்லப் அலகேட்டர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுந்தது.

ஸ்பார்ஸ்மெம் நோட் பக்கமே போகவில்லை. பிசிக்கல் வெளியைச் சம துண்டுகளாக வெட்டிக்கொண்டது. பிஏஇ இல்லாத 32-பிட் எக்ஸ்86-இல் துண்டுக்கு 64 எம்பி, ஆக மொத்தம் 64 செக்ஷன். ஒவ்வொன்றுக்கும் அட்டவணையில் ஓர் இடம். மெமரி இருந்தால் மெம்மேப், ஓட்டையாக இருந்தால் பூஜ்யம். இவ்வளவுதானா என்று தோன்றும். சாதாரணக் கை என்ன எழுதியிருக்கும்? பிஎஃப்என்னிலிருந்து செக்ஷன் எண்ணை எடுத்து, செக்ஷனின் ஆரம்பத்தைக் கழித்து, உள்ளே எத்தனையாவது பேஜ் என்று கண்டுபிடித்து, அதை அரேயோடு கூட்டியிருக்கும். பிஎஃப்என் டு பேஜ் ஓயாமல் ஓடும் இடம். அங்கே ஒவ்வொரு தடவையும் கழிப்பானேன் என்று மெம்மேப்பை அமைக்கும்போதே ஒரு தடவை கழித்து வைத்துவிட்டார்கள். பிறகு எந்தப் பிஎஃப்என் வந்தாலும் ஒரு ஷிஃப்ட், அட்டவணையில் ஒரு பார்வை, ஒரு மாஸ்க், அப்புறம் முழு பிஎஃப்என்னையும் அப்படியே கூட்டிவிட வேண்டியதுதான்.

மாஸ்க் எதற்கு என்றால், கீழ்க்கோடி பிட்களில் அப்போது இரண்டு கொடிகள் குடியிருந்தன: இந்தச் செக்ஷன் இருக்கிறது, இதற்கு மெம்மேப் போட்டாயிற்று. அவற்றுக்கு அங்கே இடம் கிடைத்த விதத்தைப் பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். செக்ஷனின் முதல் பிஎஃப்என் எப்போதுமே இரண்டின் ஒரு பெரிய அடுக்கின் மடங்கு. ஸ்ட்ரக்ட் பேஜின் அளவு எதுவானாலும் சரி, அதனால் பெருக்கிக் கழித்தாலும் கீழ் பிட்கள் கலையாது. மெம்மேப் பேஜ் எல்லையில் தொடங்கினால் அவை பூஜ்யமாகவே நிற்கும். யாரும் தனியாக இடம் ஒதுக்காமல் கணக்கே விட்டுக்கொடுத்த இடம் அது.

சில காலம் கழித்து அதே வேர்டுக்கு இன்னொரு வேஷமும் கிடைத்தது. பூட்டின் ஆரம்பத்தில், மெம்மேப் பிறப்பதற்கு முன், அந்தச் செக்ஷன் எந்த நோட்டைச் சேர்ந்தது என்ற எண் அதில் உட்கார்ந்திருக்கும். மெம்மேப்பை எங்கே ஒதுக்க வேண்டும் என்று வழிகாட்டிவிட்டு இடத்தைக் காலி செய்துவிடும். ஹெடரில் பக்கத்திலேயே ஒரு கமென்ட் உண்டு. இதை அன்சைன்ட் லாங்காக வைத்திருப்பதால், தப்பாகப் பயன்படுத்த வருகிறவன் ஒரு காஸ்ட்டாவது போட்டுவிட்டுத்தான் தப்பு செய்ய முடியும் என்று அர்த்தம் வரும்படி எழுதியிருப்பார்கள். குறும்பும் கவலையும் சரிபாதி.

சி ஸ்டாண்டர்டைக் கரைத்துக் குடித்தவர்கள், அரேயின் தொடக்கத்துக்கு முன்னால் போகும் பாயிண்டர் கணக்கே விதிமீறல் என்பார்கள். விதிப்படி அவர்கள் சொல்வது சரி. கெர்னல் அந்த விதிகளுக்குள் அடங்கி எழுதப்பட்ட புரோகிராம் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள் என்பதுதான் என் கேள்வி.

திரும்பி வரும் வழிக்குத்தான் விலை கொடுக்க வேண்டும். பேஜ் டு பிஎஃப்என் செய்ய, பேஜ் தன் செக்ஷன் எண்ணைத் தன்னுடைய ஃபிளாக்ஸில் சுமக்க வேண்டும். பிஏஇ-யில் 36 பிட் முகவரி, 512 எம்பி செக்ஷன். 128 செக்ஷனுக்கு 7 பிட் போகிறது. இருப்பதோ 32 பிட், அதற்குள் சோன், நோட், மற்ற கொடிகள் எல்லாம் நெருக்கியடிக்கின்றன. இடம் பற்றாவிட்டால் நோட் எண்தான் வெளியேறித் தனி அட்டவணைக்குப் போகும். செக்ஷன் எண் அசையாது.

கிறிஸ்டாஃப் லாமீட்டரின் வீமெம்மேப் 2.6.24-இல் வந்தபோது பலர் அதன் பக்கம் போய்விட்டார்கள். ஒரே கூட்டல், அட்டவணையே பார்க்க வேண்டாம், ஓட்டையை எம்எம்யு பார்த்துக்கொள்ளும். 64-பிட்டில் நானும் அதையே சிபாரிசு செய்வேன். ஆனால் அது இடம் தாராளமாக உள்ளவன் வீட்டு அழகு. 32-பிட் எக்ஸ்86-இல் கெர்னலுக்கு வழக்கமாகக் கிடைப்பது 1 ஜிபி வெர்ச்சுவல் வெளி. அதில் 896 எம்பி நேரடி மேப்புக்குப் போனால் மிச்சத்தில் வீமலாக்கும் கேமேப்பும் முட்டிக்கொள்கின்றன. ஓட்டைக்கும் சேர்த்து வெர்ச்சுவல் இடம் அங்கே எங்கிருந்து வரும்? ஐடேனியம் இதே யோசனையை முன்பே செய்து பார்த்தது. பிஎஃப்என் செல்லுமா என்று அறிய அதன் ஸ்ட்ரக்ட் பேஜைத் தொட்டுப் பார்த்து, ஃபால்ட் வந்தால் செல்லாது என்று முடிவு கட்டியது. துணிச்சலை மெச்சுகிறேன். ரசிக்க முடியவில்லை.

ஆர்ம்காரர்களின் வழியும் உண்டு. மெம்மேப்பைத் தட்டையாகவே போட்டுவிட்டு, ஓட்டைக்கு நேரான பகுதியைப் பிய்த்து அலகேட்டரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். மெமரி மிச்சம், வேகமும் குறையாது. ஆனால் பிய்த்த இடத்தின் முகவரி இன்னமும் ஸ்ட்ரக்ட் பேஜ் மாதிரியே முகம் காட்டும். பிஎஃப்என் வேலிடைக் கேட்காமல் வரிசையாக நடந்து போகிறவன் யாருடைய டேட்டாவையோ பேஜ் என்று நம்பிப் படிப்பான்.

டிஸ்கான்டிக்மெம்முக்கு ஸ்பார்ஸ்மெம் முழு மாற்றாக வேண்டும் என்பது 2005-லேயே சொல்லப்பட்ட ஆசை. மைக் ராபபோர்ட் டிஸ்கான்டிக்மெம்மைக் கடைசியாகப் பிடுங்கி எறிந்தது 2021 ஆகஸ்டில் வந்த 5.14-இல். பிஏ-ரிஸ்க் 2019-இல் ஸ்பார்ஸ்மெம்முக்கு மாறியது. எம்68கே-வும் ஆர்க்கும் பிய்த்துக் கொடுக்கும் வழிக்கே போயின. எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் அமிகாவில் அடியில் 2 எம்பி சிப் ராம், ஃபாஸ்ட் ராம் எங்கோ மேலே. அங்கே செக்ஷனை எந்த அளவில் வெட்டினாலும் ஒரு பக்கம் வீண்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்று இதையெல்லாம் யாரிடம் பேசுவது? பாடப்புத்தகங்கள் பிசிக்கல் மெமரியை ஒரே நீள்செவ்வகமாக வரைந்து முடித்துவிடுகின்றன. லினக்ஸ் மெமரி பற்றிய மெல் கோர்மனின் புத்தகம் 2004-இலேயே வந்துவிட்டதால் ஸ்பார்ஸ்மெம் அதில் கிடையாது. இப்போதைய ஸ்பார்ஸ் கோப்பைத் திறந்தால் ஹாட்பிளக்கும், 2019-இல் டேன் வில்லியம்ஸ் சேர்த்த 2 எம்பி சப்செக்ஷன்களும் வாசலிலேயே கூட்டம் கூட்டி நிற்கின்றன. புதிதாக வருகிறவர்கள் 2.6.13-இன் கோப்பைத் தேடி எடுத்துப் படிக்கட்டும், ஒரே உட்காரலில் முடித்துவிடலாம்.

வீமெம்மேப் ரசிகர்களுக்கு ஒன்று. உங்கள் கெர்னலிலும் அந்தக் கழித்தல் செக்ஷன் செக்ஷனாக இன்னமும் நடக்கிறது. பிஎஃப்என் டு பேஜ்தான் அதைக் கேட்பதில்லை. உங்கள் மெம்மேப், வீமெம்மேப்பின் அடியோடு பிஎஃப்என்னைக் கூட்டிய இடத்தில் இருக்கிறது. அதிலிருந்து அதே பிஎஃப்என்னைக் கழித்தால், கொடிகளை நீக்கிப் பார்க்கும்போது, மெமரி உள்ள எல்லா வரிசையிலும் வந்து நிற்பது ஒரே எண்: வீமெம்மேப்பின் அடி முகவரி.