இரண்டு தரம் குதித்த சகோதரர்கள்

ஹவுகெட்டோவிலும் அடுத்த தரிப்பான ஹொல்ம்லியாவிலும் வளரும் எமது பிள்ளைகள் இரவல் வாங்கிவரும் நோர்வேஜியப் புத்தகங்களை நாம் பெரும்பாலும் புரட்டிப் பார்ப்பதில்லை. பாடசாலை அறிக்கையில் கையெழுத்திடுவதோடு எமது கடமை முடிந்துவிடுகிறது. அப்படி எமது கண்ணில் படாமற் போகும் நூல்களில் ஒன்று, அஸ்திரிட் லிண்ட்கிரேன் 1973இல் சுவீடிஷ் மொழியில் எழுதிய 'சிங்கநெஞ்சச் சகோதரர்கள்'. தலைப்பில் சிங்கம் இருக்கிறதே என்று எவரும் முகம் சுளிக்க வேண்டாம். அது அவர்களின் குடும்பப் பெயரில் இருந்து வந்தது.

தகப்பன் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. தாய் தைத்துப் பிழைக்கிறாள். பத்து வயதை எட்டும் கார்ல் இருமியபடி குசினிக்குள் படுத்த படுக்கை. தான் சாகப்போவது அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. பதின்மூன்று வயது அண்ணன் யொனத்தான் இரவில் தேன்தண்ணீர் சுடவைத்துக் கொடுத்து, இறந்தபின் போகும் நங்கியாலா என்ற நாட்டைப் பற்றிச் சொல்கிறான். தீ மூட்டிச் சுற்றியிருந்து கதை சொல்லும் காலம் இன்னும் முடியாத நாடு அது. ஆனால் முந்திச் சாவது அண்ணன்தான். வீடு தீப்பற்ற, தம்பியை முதுகில் சுமந்து ஜன்னலால் குதிக்கிறான். அவனுக்குப் பதில் இந்த நோயாளி போயிருக்கலாமே என்று ஊர் நினைப்பது கார்லுக்குத் தெரியும். இரண்டு மாதத்தில் அவனும் போய்ச்சேருகிறான்.

சொல்லக் கேட்ட நாடும் போய்ச்சேர்ந்த நாடும் ஒன்றல்ல. செரிப்பழப் பள்ளத்தாக்கு அண்ணன் சொன்னபடி அழகுதான். அடுத்த பள்ளத்தாக்கைச் சுற்றியோ மதில். தெங்கில் என்ற கொடுங்கோலன் ஆண்களைப் பிடித்துக் கட்டாய வேலைக்குக் கொண்டுபோகிறான். தன்னை விடுதலையாளன் என்று மக்களைக் கொண்டே சொல்லவைக்கிறான். காட்டிக்கொடுப்பவன் யார்? கார்ல் ஹூபர்ட்டைச் சந்தேகிக்கிறான். துரோகியோ எல்லாரோடும் சிரித்துப் பேசும் யொசி. நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஊரில் மாமரம் உண்டு, கிணற்றடி உண்டு, தேர்த்திருவிழா உண்டு. மதிலும் யொசியும் இல்லை. லிண்ட்கிரேன் ஒரு பத்து வயது வாசகரை நம்பி இரண்டையும் சொல்கிறார். படங்களை வரைந்த இலோன் விக்லாந்தும் 1944இல் பதினான்கு வயதில் எஸ்தோனியாவிலிருந்து சுவீடனுக்கு அகதியாக வந்தவர்.

யொனத்தான் எவரையும் கொல்ல மறுக்கிறான். எல்லாரும் உன்னைப் போலிருந்தால் தீமைதான் ஆளும் என்கிறான் போராளியான ஒர்வார். எல்லாரும் அவனைப் போலிருந்தால் தீமையே இராது என்கிறான் தம்பி. வாதம் அத்தோடு நிற்கிறது. போரை மற்றவர்களின் வாள்கள் நடத்துகின்றன; கத்லா என்ற நெருப்பு விலங்கு தெங்கிலை அழிக்கிறது. யொனத்தானின் கைகள் கறைபடாமல் இருக்க ஆசிரியர் சற்றுச் சலுகை செய்திருக்கிறார் என்றே எமக்குப் படுகிறது.

இறுதியில் கத்லாவின் தீ பட்டு அண்ணன் அசைய முடியாமற் போகிறான். இம்முறை தம்பி அவனைச் சுமந்துகொண்டு, நங்கிலிமா என்ற இன்னொரு நாட்டை நம்பி, பாறையிலிருந்து குதிக்கிறான். சாவை அழகாக்கிவிட்டதாக நூல் வெளிவந்த காலத்தில் சுவீடனில் கண்டனம் எழுந்தது. பிள்ளைகளின் கழுத்தில் நஞ்சுக்குப்பி தொங்கியதைக் கண்ட நாம் அதை வெறும் பெரியவர்களின் பதற்றம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் கார்லைக் குதிக்கவைப்பது வீரப் பேச்சு எதுவுமல்ல. அவன் கடைசிவரை பயந்தவன், பயத்தை ஒளிக்காதவன். அண்ணனைத் தனியே விட மனமில்லை, அவ்வளவுதான்.

எல்லாமே குசினிப் படுக்கையில் கார்ல் கண்ட கனவு என்று வாசிப்பவர்களும் உண்டு. எப்படி வாசித்தாலும் ஒன்று உறுத்துகிறது. அழவேண்டாம், நங்கியாலாவில் சந்திப்போம் என்று தாய்க்கு ஒரு துண்டு எழுதிவைத்துவிட்டுத்தான் கார்ல் போகிறான். இரண்டு மாதத்துள் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த அந்தத் தாயிடம் கதை பிறகு திரும்பிப் போவதேயில்லை.