ஓஸுவின் மருமகள்

ஓஸுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953) பற்றிப் பேச்செடுத்தால், 'கூட்டுக் குடும்பச் சிதைவு' என்ற ஒரு வார்த்தையோடு நம்மவர்களுக்குக் காரியம் முடிந்துவிடுகிறது. நன்றிகெட்ட பிள்ளைகள், ஏமாந்த பெற்றோர். இது நம் வாரப் பத்திரிகைக் கதைகளின் அழுகை, படத்தினுடையது அல்ல.

இப்படத்துக்கு முன்னோடி ஒன்று உண்டு: லியோ மெக்கேரியின் அமெரிக்கப் படம் 'மேக் வே ஃபார் டுமாரோ' (1937). ஓஸுவோடு திரைக்கதை எழுதிய கோகோ நோடா அதைப் பார்த்தவர். அதில் வீட்டை வங்கி எடுத்துக்கொள்கிறது. ஐந்து பிள்ளைகளில் ஒருவர்கூடத் தாய் தந்தை இருவரையும் சேர்த்து வைத்துக்கொள்ளவில்லை. ரயில் நிலையத்தில் கிழவரும் கிழவியும் பிரிகிறார்கள். அமெரிக்காவில் முதியோர் ஓய்வூதியத்துக்கான சட்டம் 1935ல் வந்துவிட்டது. மாதப் பணம் கிடைக்கத் தொடங்கியதோ 1940ல். அங்கே பிரித்தது பணம்.

ஓஸுவின் பெற்றோருக்கு ஓனோமிச்சியில் சொந்த வீடு இருக்கிறது. பிள்ளைகளைப் பார்க்கத்தான் டோக்கியோ வருகிறார்கள். பிள்ளைகள் கொடியவர்கள் அல்ல. டாக்டர் மகனுக்கு நோயாளிகள், அழகு நிலையம் நடத்தும் மகளுக்கு வாடிக்கையாளர்கள். செலவைப் பங்கு போட்டுக்கொண்டு இருவரையும் அடாமிக்கு அனுப்பிவிடுகிறார்கள். லீவு போட்டு ஊரைச் சுற்றிக்காட்டுகிறவள் மருமகள் நொரிகோ. அவள் கணவன் போரில் மறைந்து எட்டு வருஷமாகிறது.

ஜப்பானின் 1898ஆம் வருஷச் சிவில் சட்டம் குடும்பத் தலைவனின் அதிகாரத்துக்குள் விதவை மருமகளையும் வைத்திருந்தது. 1947 திருத்தம் அந்த அமைப்பை ஒழித்தது. நொரிகோ போய்விடலாம், போகவில்லை. மாமனார் புகழும்போது அதையும் மறுக்கிறாள்: கணவனை நினைக்காத நாட்களும் உண்டு என்கிறாள். நம் கதாசிரியர் கையில் அவள் கற்புக்கரசியாகியிருப்பாள். ஓஸு அவளை மனுஷியாகவே விட்டுவைக்கிறார். போய்விட முடிந்தவள் என்பதாலேயே அவள் அன்புக்கு அர்த்தம் இருக்கிறது.

பெற்றோரைப் பேணச் சிங்கப்பூர் 1995லும் இந்தியா 2007லும் சட்டம் இயற்றின. பட்டினி கிடக்கும் தாய்க்கு அது சோறு, பழிக்க ஒன்றுமில்லை. ஆனால் 2007ல் நம்மவர்கள் எழுதிய பட்டியலில் மகன், மகள், பேரன், பேத்தி உண்டு, மருமகள் இல்லை. நொரிகோவைக் கூப்பிட்டு விசாரிக்கச் சட்டத்துக்கு வழியில்லை. ஓஸுவுக்கு முக்கியமாகப் பட்டவள் அவள்தான்.

குடும்பம் உடைகிறதென்ற புலம்பலை நம் எழுத்தாளர்கள் சற்று நிறுத்திவைக்கலாம். கட்டு அவிழ்ந்த பின்னும் யார் தங்குகிறார்கள், எதற்காகத் தங்குகிறார்கள் என்று பார்ப்பது அதைவிடக் கடினமான வேலை.