அழாத துக்கம்

சாவு வீட்டை எழுதுவது சுலபம் என்று நினைக்கிற நாவலாசிரியர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான். நாலு பேரை அழவிட்டால் வாசகனும் அழுதுவிடுவான், காரியம் முடிந்தது. அயர்லாந்து நாவலாசிரியர் கொலம் டோபீன் 2014ல் வெளியிட்ட ‘நோரா வெப்ஸ்டர்’ என்கிற நாவலைப் படித்த பிறகு, நான் எழுதிய சாவுக் காட்சிகளைத் திருப்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

வெக்ஸ்போர்ட் பிராந்தியத்தில் என்னிஸ்கார்த்தி என்கிற சிறிய ஊர். காலம் 1960களின் கடைசி வருஷங்கள். பள்ளிக்கூட வாத்தியார் மாரிஸ் இறந்துவிட்டார். நாற்பது வயதில் விதவையான நோராவும் நான்கு குழந்தைகளும் மிச்சம். துக்கம் கேட்க ஊரார் மாலைதோறும் கதவைத் தட்டுகிறார்கள். அவர்களுடைய அன்பே அவளுக்குப் பாரமாக இருக்கிறது. கடலோரத்து வீட்டை விற்கிறாள். கல்யாணத்துக்கு முன் வேலை பார்த்த கம்பெனிக்கே திரும்பப் போகிறாள். தலைமயிருக்குச் சாயம் போட்டுக்கொண்டு, ஊர் என்ன சொல்லுமோ என்று கூசுகிறாள். பாட்டுக் கற்றுக்கொள்கிறாள். கதை இவ்வளவுதான்.

மாரிஸ் நோயாகக் கிடந்த மாதங்களில் பையன்கள் இருவரையும் உறவுக்காரி ஜோஸியின் வீட்டில் விட்டிருந்தாள் நோரா, போய்ப் பார்க்கவில்லை. மூத்தவன் டோனல் திக்குவாயோடு திரும்பி வந்தான். ஜோஸி கேட்கிறபோது நோராவிடம் சரியான பதில் இல்லை. ஆசிரியரும் அவளுக்காக வாதாட வரவில்லை. துக்கம் மனுஷர்களை மேன்மைப்படுத்தும் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். பக்கத்திலிருப்பவர்களைப் பார்க்க விடாமலும் அது செய்யும் என்கிறது இந்த நாவல். ஒரே சாவுக்கு அந்த வீட்டில் ஐந்து தனித்தனித் துக்கங்கள்.

டோபீன் அதே ஊரில் 1955ல் பிறந்தவர். பன்னிரண்டு வயதில், வாத்தியாராக இருந்த தகப்பனாரை இழந்தவர். பையனின் கண் வழியாகவே கதையைச் சொல்லி அனுதாபம் சம்பாதித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் தாயின் மனசுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பையனை வெளியிலிருந்து பார்க்கிறார். சொந்தத் துயரத்தை இப்படித் தள்ளி வைத்துப் பார்க்கத் தெரிந்தவன்தான் கலைஞன் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு குறை சொல்ல வேண்டும். கடைசிப் பகுதியில் இறந்த கணவன் நோராவின் முன் தோன்றிப் பேசுகிறான். அதுவரை மௌனத்தை நம்பிய ஆசிரியர், அங்கே கொஞ்சம் நம்பிக்கை இழந்துவிட்டார். சங்கீதமே அந்த வேலையைச் செய்து முடித்திருந்தது.

ஆனாலும், மாரிஸ் எழுதிய கடிதங்களை அவள் நெருப்பில் போடும்போது, யாரும் அழச் சொல்லாமலே என் கண் கலங்கியது.