இரண்டு பிஷப்புகள்

மெரினாவில் வாக்கிங் போகிறவர்களுக்குக் கால்டுவெல்லைத் தெரியும், சிலையாகவாவது. 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்தது. 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதி, தமிழ் சம்ஸ்கிருதத்தின் கிளை இல்லை, தனிக் குடும்பம் என்று நிறுவியவர். மேடைகளில் அவர் வாழ்க்கை பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். வரவை மட்டும் எழுதிய கணக்கு மாதிரி.

செலவுப் பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் இருக்கிறது. 1841-ல் நெல்லைச் சீமையின் இடையன்குடிக்கு வந்தவர், தம்மைச் சுற்றியிருந்த பனையேறும் மக்களைப் பற்றி 1849-ல் ஆங்கிலத்தில் எழுதியது. புத்தி மட்டம், பேய் வணக்கம், இலங்கையிலிருந்து வந்தவர்கள் என்று சகட்டுமேனிக்குத் தீர்ப்பு. அந்த மக்களின் பிள்ளைகள் பின்னாளில் இங்கிலீஷ் படித்தார்கள். புத்தகத்தையும் படித்தார்கள். கொதிக்க மாட்டார்களா? மறுப்புகள் கிளம்பின.

'அந்தக் காலத்துப் பாதிரி, அப்படித்தான் இருப்பார்' என்பீர்கள். அப்படியானால் ஆப்பிரிக்காவைப் பாருங்கள். நேட்டால் பிஷப் ஜான் வில்லியம் கொலென்ஸோ. கால்டுவெல்லைப் போலவே ஆங்கிலிக்கன் சபை. அவரைப் போலவே 1814-ல் பிறந்தவர். இவரும் மொழிப்பித்தர்; 1861-ல் ஸுலு அகராதி போட்டார். பைபிளை மொழிபெயர்க்க உதவிய வில்லியம் இங்கிடி என்ற ஸுலு, நோவா பேழைக் கதை நிஜம்தானா என்று கேட்டார். பிஷப் மழுப்பவில்லை. அடிப்படையில் கணக்கு வாத்தியார் வேறு! பழைய ஏற்பாட்டின் எண்ணிக்கைகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்து, உதைக்கிறது என்று 1862-ல் புத்தகமே எழுதிவிட்டார். 1863-ல் கேப்டவுன் பிஷப் அவரைப் பதவிநீக்கினார். 1865-ல் லண்டன் பிரிவி கவுன்சில் அது செல்லாது என்றது. 1879-ல் பிரிட்டிஷார் ஸுலுக்கள்மீது படையெடுத்தபோது, வெள்ளைக்காரர்களின் கோபத்தை வாங்கிக் கட்டிக்கொண்டு எதிர்த்தார். ஸுலு மக்கள் அவரை 'ஸோபாண்டு' என்றார்கள். மக்களின் தகப்பன் என்று அர்த்தம்.

ஆக, காலத்தின்மேல் பழிபோட்டுத் தப்பிக்க முடியாது.

கால்டுவெல் சிலையை இறக்கச் சொல்லவில்லை. 1877-ல் பிஷப் ஆனவர், 1891-ல் இறந்ததும் இடையன்குடியில் தாம் கட்டிய கோயிலிலேயே அடக்கமானவர். ஒப்பிலக்கணத்தின் மதிப்பும் குறையாது. என் சண்டை அவர் கதையைச் சொல்கிறவர்களோடு. ஒரு மொழியின் வேர்ச்சொல்வரை காதுகொடுத்தவருக்கு, அதைப் பேசியவர்களின் மனசு ஏன் கேட்கவில்லை? சுவாரஸ்யமான அத்தியாயமே அதுதானே! அடுத்த முறை யாராவது மேடையில் 1856 என்று ஆரம்பித்தால், 1849-ஐயும் கேளுங்கள்.