தேடற்பெட்டியில் கீரிமலை

யாழ்ப்பாணத்தில் மென்பொருள் படிக்கும் பிள்ளைகள் பலரிடம் ஒரு பழக்கம் உண்டு. ரியாக்டிலோ வியூவிலோ ஒரு பக்கத்தைச் செய்வார்கள், தரவைக் கேட்டால் கொடுக்கும் பின்தளத்து ஏபிஐயோடு இணைப்பார்கள், திரையில் தரவு வந்து விழுந்ததும் "வேலை செய்யுது" என்று மடிக்கணினியை மூடிவிடுவார்கள். வேலை செய்கிறது, சரி. எவ்வளவு அழகாக வேலை செய்கிறது என்று இருந்து பார்க்கப் பொறுமை இல்லை. முன்தளமும் பின்தளமும் பேசிக்கொள்வதைக் கவனிக்கப் பழகியவருக்கு அதில் நல்ல சுவை இருக்கிறது.

பழகுவதற்கு ஏற்ற இடம் தமிழ் விக்கிப்பீடியா. காசு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், நிரலும் திறந்தே கிடக்கிறது. தேடுவதற்கு யாழ்ப்பாணக் குடாநாட்டின் கடலோர ஊரான கீரிமலையை எடுத்துக்கொள்வோம். கைத்தொலைபேசியை வைத்துவிட்டுக் கணினியில் உட்காருங்கள். உலாவியில் விக்கிப்பீடியாவைத் திறந்து எஃப்12 விசையை அழுத்தினால் ஓரத்தில் ஒரு பலகம் வரும். அதில் "நெட்வொர்க்" என்ற பிரிவுக்குப் போய், "ஃபெட்ச், எக்ஸ்எச்ஆர்" என்ற வடிகட்டியை மட்டும் தெரிவுசெய்யுங்கள். படங்களும் எழுத்துருக்களும் ஒதுங்கிவிடும். பக்கம் தன் வழங்கியிடம் கேட்கும் கேள்விகள் மட்டும் வரிவரியாக மிஞ்சும். எக்ஸ்எச்ஆர் என்பது 1999-இல் மைக்ரோசொஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5-ஓடு வந்த வசதி. அவுட்லுக் மின்னஞ்சலை உலாவிக்குள் கொண்டுவருவதற்காகச் செய்தது. முழுப் பக்கத்தையும் மறுபடி ஏற்றாமல் ஒரு துண்டுத் தரவை மட்டும் கேட்டு வாங்க முடியும் என்பதை ஜிமெயிலும் கூகுள் மேப்ஸும் வந்த 2004, 2005-இல்தான் உலகம் கவனித்தது.

இனித் தேடற்பெட்டியில் தட்டுங்கள். விக்கிப்பீடியாவின் புதிய தோற்றத்தில் இந்தப் பெட்டி வியூவில் எழுதப்பட்டது. நிரலாளர் எவன் யூ 2014-இல் வெளியிட்ட அந்தச் சட்டகத்தை, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா 2020-இல் தன் முன்தளத்துக்கெனத் தெரிந்தெடுத்தது. "கீர" வரை தட்டிவிட்டுச் சற்று நில்லுங்கள். பலகத்தில் ஒரு வரி முளைக்கும். பெட்டியின் கீழே கீரை எட்டிப்பார்க்கக்கூடும். "கீரி" என்றானதும் கீரை போய்க் கீரிப்பிள்ளை வரக்கூடும். முழுப்பெயரும் முடிவதற்குள் ஊர் வந்துவிடும். இப்போது எல்லாவற்றையும் அழித்துவிட்டு அதே பெயரை ஒரே மூச்சில் வேகமாகத் தட்டிப் பாருங்கள். வரிகள் குறைந்திருக்கும். ஒவ்வொரு விசைக்கும் ஓடிப்போய் வழங்கியைத் தொந்தரவு செய்யாமல், விரல் ஓயும்வரை முன்தளம் கணநேரம் காத்திருக்கிறது. நல்ல இணைப்பில் முதலில் ரசிக்க வேண்டியது இந்த அடக்கம். அடக்கமில்லாத பக்கங்களில் ஒரு பெயர் தட்டுவதற்குள் பத்துக் கேள்விகள் போய்விடும், அதில் ஒன்பது வீண்.

அடுத்தது கொஞ்சம் நுட்பமானது. நெட்வொர்க் பலகத்தில் இணைப்பின் வேகத்தைச் செயற்கையாகக் குறைக்கும் தெரிவு உண்டு. 3ஜி அளவுக்கு இறக்கிவிட்டு மறுபடி தட்டுங்கள். கேட்ட ஒழுங்கில்தான் விடை வரும் என்று எந்தச் சட்டமும் இல்லை. "கீரிமலை"க்கான விடை முந்தி வந்து, "கீர"வுக்கான விடை பிந்தி வரலாம். கவனமில்லாத முன்தளம் கடைசியாக வந்ததைத் திரையில் போட்டு, பெட்டியில் கீரிமலையும் அதன் கீழே கீரையுமாக நிற்கும். கவனமானது, வந்த விடை இப்போது பெட்டியில் உள்ள கேள்விக்கு உரியதுதானா என்று பார்த்து, இல்லையென்றால் சத்தமில்லாமல் கைவிடும். இதற்கு எழுத வேண்டிய நிரல் இரண்டு மூன்று வரிகள்தான். ஆனால் ஒருவர் கைதேர்ந்தவரா என்று அறிய நான் முதலில் தேடுவது அந்த வரிகளைத்தான்.

பலகத்தில் ஒரு வரியைச் சொடுக்கி, போன முகவரியைப் பாருங்கள். ஊர்ப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வீதக்குறிகளும் இலக்கங்களும் ஆங்கில எழுத்துகளுமாக நீண்டு கிடக்கும். நம் கண்ணுக்குக் கீரிமலை நான்கு எழுத்து. யுனிகோடு அதை ஏழாக எண்ணுகிறது: மெய்களின் உருக்கள் நான்கு, உயிர்க்குறிகள் மூன்று. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 21. முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு வீதக்குறியும் இரண்டு எழுத்துமாக விரிய, மொத்தம் 63. இந்த 63-ஐ வாங்கிய பின்தளம் அதை மறுபடி நான்கெழுத்து ஊராகப் படித்தெடுக்கிறது. "லை"யின் குறி கண்ணுக்கு லகரத்தின் முன்னால் நின்றாலும் தரவில் பின்னால்தான் வரும். அந்த ஒழுங்கும் குலையாமல் போய்ச் சேர்கிறது. கோயில் என்று தேடினால் இன்னொரு சிக்கல். ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருள் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் தேடத் தொடங்கும். தமிழை இப்படி நடத்தத் தெரியாத ஏபிஐகள் இன்றும் உண்டு. தமிழ்ப் பெயரை அனுப்பினால் வினாக்குறிகளாகத் திருப்பித் தரும்.

வந்த விடையைத் திறந்தால் ஜேசன் என்ற தரவு வடிவில் தலைப்பு, சிறு விளக்கம், படமிருந்தால் அதன் முகவரி என்று சில வரிகள் இருக்கும். நிறம் இல்லை, எழுத்துரு இல்லை, பெட்டி எங்கே நிற்க வேண்டும் என்ற சொல் இல்லை. அவையெல்லாம் முன்தளத்தின் பொறுப்பு. கீரிமலையின் ஊற்றுநீர்க் கேணியில் இறங்குபவர் காண்பதும் கட்டிய படிகளையும் தண்ணீரையும்தான். வற்றாத ஆறொன்றில்லாத குடாநாட்டில் மாரி மழை சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, எந்த வெடிப்பு வழியாகக் கடலோரம்வரை வந்தது என்று அவர் அறிய வேண்டியதில்லை. கேணியை இடித்துப் புதிதாகக் கட்டினாலும் ஊற்று கவலைப்படாது. ஏபிஐ இந்த ஊற்றுக்கண் போன்றது. ஒரு வேறுபாடு மட்டும்: ஊற்று கேளாமலே எல்லோருக்கும் பொழியும், ஏபிஐ கேட்டவருக்குக் கேட்டதை மட்டும் அளந்து கொடுக்கும்.

தரவும் தோற்றமும் இப்படிப் பிரிந்திருப்பதன் பலனைக் காணக் கீரிமலைக் கட்டுரைக்குள் போங்கள். நகுலேசுவரம், காங்கேசன்துறை போன்ற நீல இணைப்பொன்றின்மேல் சுட்டியை வைத்தால் ஒரு சிறு அட்டை எழும். பலகத்தில் சுருக்கத்தைக் கேட்கும் வரியும் விழும். அவசரமாகச் சுட்டியை இழுத்துக்கொண்டு கடந்தால் கேள்வி போகாது. அங்கேயும் அதே அடக்கம். ஆண்ட்ராய்டு செயலியில் இணைப்பைத் தொட்டால் வரும் முன்னோட்டத்துக்கும் இதே சுருக்க ஏபிஐதான். யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் போன்றோர் 2003-இலிருந்து தமிழ் விக்கிப்பீடியாவை வளர்த்தபோது வியூவும் இல்லை, இந்த அட்டையும் இல்லை. அவர்கள் எழுதிய வரிகள் இதற்கென மறுபடி எழுதப்படாமலே இந்தப் புது முகங்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன.

பிழை விட்டும் பார்க்க வேண்டும். சுருக்க ஏபிஐயின் முகவரியைப் பிரதிசெய்து, ஊர்ப்பெயரில் இடையின ரகரத்தை எடுத்து வல்லின றகரத்தைப் போட்டு, "கீறிமலை" என்று கேளுங்கள். அப்படியொரு பக்கம் இல்லாதவரை 404 என்று முகத்திலடித்தாற்போல் விடை வரும். தேடற்பெட்டிக்குப் பின்னாலுள்ள வாசலோ சிறு எழுத்துப்பிழையைப் பொறுத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டது. ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல். பெயர் சொல்லிக் கேட்பவரிடம் கண்டிப்பு, தேடி வருபவரிடம் தாராளம். எது எங்கே வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

மறுபடி பலகத்துக்கு வாருங்கள். விடையோடு வரும் தலைப்புவரிகளில் (ஹெடர்களில்) "எக்ஸ்-கேஷ்" என்று ஒன்று இருக்கும். அதில் "சிபி" என்ற எழுத்துகளுக்குப் பின்னே 5-இல் தொடங்கும் நான்கிலக்கம் கண்டால், விடை வந்தது அமெரிக்காவிலிருந்து நேரே அல்ல. ஆசிய வாசகருக்காக 2018-இல் சிங்கப்பூரில் இயங்கத் தொடங்கிய நிலையத்தினூடாக. பக்கத்தில் "ஹிட்" என்றிருந்தால் உங்களுக்கு முன்னமே யாரோ இதையே கேட்டிருக்கிறார்கள். வேகமான பக்கம் என்று நாம் புகழ்வதில் முன்தளக்காரரின் பங்கு எவ்வளவு, இந்தச் சேமிப்பின் பங்கு எவ்வளவு என்பதை இந்த வரியைப் பார்த்துவிட்டுச் சொல்வது நியாயம்.

இவ்வளவும் பார்த்தபின் நீங்களே ஒரு சிறு பக்கம் செய்யுங்கள்: ஊர்ப்பெயரைத் தட்டினால் சுருக்கம் மட்டும் வர வேண்டும். விக்கிப்பீடியாவின் பழைய ஏபிஐயைக் கூப்பிட்டால் பெரும்பாலும் முதலில் சிவப்பு எழுத்தில் கோர்ஸ் பிழைதான் கிடைக்கும். ஒரு தளத்தின் பக்கம் இன்னொரு தளத்தின் விடையை வாசிக்க, அந்தத் தளம் ஒப்ப வேண்டும் என்பது உலாவியின் காவல் விதி. பிள்ளைகள் இதைத் திட்டித் தீர்ப்பார்கள். எனக்கு அந்த விதியில் மரியாதை உண்டு. அது இல்லையென்றால் நீங்கள் திறந்து வைத்திருக்கும் எந்தப் பக்கமும் உங்கள் வங்கிக் கணக்கை எட்டிப் படித்துவிடும். கேள்வியோடு "ஒரிஜின்" என்ற அளவுருவுக்கு ஒரு நட்சத்திரக் குறியைச் சேர்த்து அனுப்பினால் விக்கிப்பீடியா ஒப்புக்கொள்ளும். விடை வந்ததும் மடிக்கணினியை மூடாதீர்கள். வைஃபையை நிறுத்திவிட்டு இன்னொரு ஊரைத் தட்டி, உங்கள் பக்கம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.