வாத்து உலவும் வளவு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வீடு என்பது சுவரும் கூரையும் மட்டுமன்று. கிடுகாலோ பனையோலையாலோ அடைத்த வேலி, தெருவை நோக்கிய படலை, கிணறு, கிணற்றடி வாழை, மா, முருங்கை, வீட்டின் பின்புறமாகிய கோடி ஆகிய அனைத்தையும் உள்ளடக்கிய 'வளவு' என்பதே அங்கு வீட்டின் முழுவடிவம். அந்த வளவில் பறவை வளர்ப்பது பெரும்பாலும் முட்டைக்கும் இறைச்சிக்குமான சிறு வருவாயாகவே பேசப்பட்டு வந்துள்ளது. ஆயினும் ஊர்க்கோழி, தாரா, வாத்து, சில வீடுகளில் வான்கோழி, கினிக்கோழி எனப் பல இனங்களை ஒரே வேலிக்குள் ஒன்றையொன்று நெருக்காமல் வாழவைப்பது வருவாய்க் கணக்குக்குள் அடங்காத ஒரு கலையாகும். அக்கலையில் வளர்ப்பவர் பெற்ற தேர்ச்சி, மந்தையில் வாத்தைச் சேர்க்கும்போதுதான் முழுமையாக வெளிப்படுகிறது.

பெயரில் முதலில் தெளிவு வேண்டும். தமிழ்நாட்டில் 'வாத்து' என்னும் ஒரே சொல் இரு பறவைகளுக்கும் பொதுவாக வழங்க, யாழ்ப்பாண வழக்கு குட்டைக் கழுத்துடைய சிறிய பறவையைத் 'தாரா' என்றும், நீண்ட கழுத்தும் பருத்த உடலும் கொண்ட பெரிய பறவையை 'வாத்து' என்றும் பிரித்தழைக்கிறது. வீட்டு வாத்துகளுக்கு மூதாதையர் இருவர்: சாம்பல்நிறக் காட்டுவாத்திலிருந்து ஐரோப்பிய வகைகளும், கிழக்காசியாவின் நெடுங்கழுத்துக் காட்டுவாத்திலிருந்து அலகின் அடியில் புடைப்புடைய சீன வகையும் தோன்றின. அன்னத்தைக் குறிக்கும் வடமொழிச் சொல்லாகிய 'ஹம்ஸ' என்பதும், வாத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லாகிய 'அன்சர்' என்பதும் ஒரே வேரிலிருந்து பிரிந்தவை என்பது மொழியியலார் கண்ட உண்மை. கோயில் திருவிழாவில் அன்ன வாகனத்தை வணங்கும் கண்ணுக்குக் கோடியில் மேயும் பறவை அதன் உறவினராகத் தெரிவதில் வியப்பில்லை.

கலப்பு வளர்ப்பின் அடிப்படை பங்கீடு ஆகும். கோழி நிலத்தைக் கிளறிக் கறையானையும் விதையையும் பொறுக்குகிறது. தாரா ஈரமண்ணை அலகால் துழாவி நத்தையையும் புழுவையும் தேடுகிறது. வாத்தோ அலகின் ஓரத்திலுள்ள அரம்போன்ற பற்களால் அறுகம்புல்லையும் இளங்கோரையையும் கத்தரித்து உண்கிறது. ஒரே நிலத்தில் மூன்று இனங்களும் மூன்று வேறு உணவுகளைக் காண்பதால், முறையறிந்து வளர்ப்பவரின் வளவில் போட்டி குறைகிறது. ஐக்கிய அமெரிக்காவின் பருத்தி வயல்களில் களை எடுப்பதற்காகவே முன்னர் வாத்துகள் விடப்பட்டன. வாழை, தென்னை நிற்கும் யாழ்ப்பாண வளவிலும் அவை அதே பணியைக் கூலியின்றிச் செய்ய வல்லவை. ஆனால் கீரைப்பாத்தியும் வெங்காயத் தறையும் வாத்துக்குத் திறந்திருக்கக் கூடாது, ஏனெனில் இளந்தளிருக்கும் களைக்கும் இடையே வீட்டுக்காரர் காணும் வேறுபாட்டை அது காண்பதில்லை.

நீரைப் பற்றிய தவறான எண்ணம் பலரை வாத்திலிருந்து விலக்கியிருக்கிறது. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத, மாரிமழை பெய்யும்போது மட்டும் வழுக்கையாறு ஓடுகின்ற இக்குடாநாட்டில் வாத்து வளராது என்று கருதுவோர், அது நீரில் வாழும் பறவை என்பதை விட நிலத்தில் மேயும் பறவை என்பதே பொருந்தும் என்பதை மறந்துவிடுகின்றனர். தலையை முழுவதும் அமிழ்த்திக் கண்ணையும் மூக்குத் துளையையும் கழுவத்தக்க ஆழமுள்ள ஒரு தொட்டி இருந்தால் அதற்குப் பெரும்பாலும் போதும். எனினும் குடாநாட்டின் குடிநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் தங்கிய நிலத்தடி நீர் என்பதாலும், மேலே சேரும் கழிவு எளிதில் கீழிறங்கிக் கிணற்றில் நைத்திரேற்றைப் பெருக்கும் என்பதாலும், கூடும் தொட்டியும் கிணற்றிலிருந்து தள்ளியே அமைய வேண்டும். தொட்டியின் கலங்கல் நீரை நாள்தோறும் வாழையடியில் ஊற்றும் வழக்கம், கழிவையே உரமாக்கும் நல்ல வழக்கமாகும்.

இனி அழகைப் பேசலாம். தனியே நிற்கும் வாத்தை விட, கோழிகளுக்கும் தாராக்களுக்கும் நடுவே நிற்கும் வாத்தே கண்ணுக்கு நிறைவானது, ஏனெனில் அதன் நிதானம் மற்றவற்றின் பதற்றத்தால் துலங்குகிறது. கோழி ஓடி ஓடி நிற்கும், தாரா ஒன்றின் பின் ஒன்றாக அசைந்து விரையும், வாத்து மட்டும் கழுத்தை நிமிர்த்தி ஒரு கணம் சூழலை அளந்த பின்னரே அடி எடுத்து வைக்கும். ரசிகரின் செவிக்கும் அங்கே பயிற்சி உண்டு: ஆண் வாத்தின் குரல் உச்சத்தில் கீச்சிட்டும், பெண்ணின் குரல் தாழ்ந்து கரகரத்தும் ஒலிப்பதால், இறகின் நிறத்தில் வேறுபாடு தெரியாத வெண்ணிற மந்தையிலும் பழகிய காது பாலைப் பிரித்தறியும். மேயும்போது எழும் மெல்லிய முணுமுணுப்பு, அந்நியரைக் கண்டால் எழும் எக்காளம், கழுத்தைத் தரையோடு நீட்டிச் சீறும் எச்சரிக்கை ஆகிய மூன்றையும் அறிந்தவர், வீட்டுக்குள் இருந்தபடியே படலையில் நடப்பதை உணர்வர். கோல் இனத்தார் கி.மு. 390 அளவில் உரோம நகரின் குன்றை இரவில் ஏறியபோது, யூனோ தேவியின் கோயில் வாத்துகளே காவலரை எழுப்பின என்னும் மரபுக்கதை இக்குணத்தைத்தான் போற்றுகிறது.

குஞ்சு பொரிக்க வைப்பதே இக்கலையின் நுட்பமான பகுதி. அடைகாலம் கோழிக்கு 21 நாள், தாராவுக்கும் வான்கோழிக்கும் 28 நாள், வாத்துக்கு ஏறத்தாழ 30 நாள், தென்னமெரிக்க வழிவந்த மஸ்கோவித் தாராவுக்கு 35 நாள் என வேறுபடுவதால், கலந்து அடைவைக்கும் முட்டைகள் கலந்தே பொரிப்பதில்லை. ஊர்க்கோழியின் முட்டை மூன்றுக்கு ஈடான எடையுள்ள வாத்து முட்டைகளில் நாலைந்துக்கு மேல் ஓர் அடைகோழியால் மூட முடியாது. அவற்றைத் தன் அலகால் புரட்டவும் அதற்கு வலுப் போதாது. ஆகவே கோழி இரைக்கு எழும் வேளையில் வளர்ப்பவரின் கையே நாள்தோறும் முட்டையைத் திருப்பிவைக்க வேண்டும், பிந்திய நாள்களில் இளஞ்சூட்டு நீரையும் தெளிக்க வேண்டும். பொரித்த குஞ்சு, தான் முதலில் காணும் அசையும் உருவத்தையே தாயெனப் பற்றிக்கொள்ளும். 'மனப்பதிவு' எனப்படும் இவ்வியல்பை வாத்துக் குஞ்சுகளிடம் விரிவாக ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் 1973இல் நொபெல் பரிசு பெற்றார். கோழித்தாயின் பின்னே வளர்ந்த வாத்துக் குஞ்சு கோழிக்கூட்டத்தை அந்நியமாகக் கருதாது என்பதால், கலப்பு வளவின் அமைதி அடைப்பெட்டியிலேயே தொடங்கிவிடுகிறது.

அமைதி என்பது சமத்துவம் அன்று. கோழிக்கூட்டத்தில் எது எதைக் கொத்தலாம் என்னும் நிரல் உண்டு என்பதை நோர்வேயரான சியெல்டெரூப்-எப்பே 1921இல் விளக்கினார். வாத்து வந்ததும் அந்நிரலின் உச்சியில் அது அமர்கிறது. இணைசேரும் பருவத்தில் ஆண் வாத்து சேவலையும் சிறுவரையும் ஒருங்கே துரத்தும். அப்பருவத்தில் தனியடைப்பு, தீன் தட்டுகளை ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் வைத்தல், மரத்திலும் கம்பிலும் தங்கும் கோழிக்கு உயரமும் தரையில் படுக்கும் தாராவுக்கும் வாத்துக்கும் வைக்கோல் விரிப்பும் எனத் துயிலிடத்தைப் பிரித்தல் ஆகியவையே ஒழுங்கைக் காக்கும். நோயிலும் இப்பிரிவு தேவை: கோழியின் குடற்புழு வழியே பரவும் கருந்தலை நோய் கோழியைப் பெரிதும் வருத்தாமல் வான்கோழியைக் கொல்லும் என்பதால், அவ்விரண்டையும் ஒரே தரையில் விடுவது பெரும்பிழை. கோழிகளை மாளச்செய்யும் ராணிக்கேத் கழிச்சலை வாத்து பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும்; ஆனால் நோய் தோன்றாமலே கிருமியைச் சுமக்கக்கூடும் என்பதால், வாத்து உள்ள வீட்டில் கோழிக்குத் தடுப்பூசி மேலும் கட்டாயமாகிறது.

வாத்து இருக்கும் வளவில் காகமும் பருந்தும் கோழிக்குஞ்சுக்காக இறங்கத் தயங்கும். ஆயினும் வேலிப் பொட்டு எனப்படும் துவாரத்தின் வழியே நுழையும் கீரிக்கும், கூட்டமாக வரும் தெருநாய்க்கும் அதன் சீற்றம் போதாது. அந்திக்குப் பின் கூட்டை அடைப்பதற்கு ஈடான காவல் வேறில்லை.

இறுதியாக, காலம். கோழியின் முட்டை இரண்டாம் ஆண்டுக்குப் பின் குறையும்; வாத்தோ இரண்டாம் ஆண்டிலேயே நன்கு இடத் தொடங்கிப் பல ஆண்டுகள் தொடரும், இணையை எளிதில் மாற்றாது, நல்ல பராமரிப்பில் இருபது ஆண்டும் வாழும். போரினால் 1990 முதல் குடாநாட்டின் வலிகாமம் வடக்கும், 1995 அக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த மண்ணில், இத்தகைய நீண்ட ஆயுளுடைய உயிரை வளவுக்குள் கொண்டுவருவது மனிதர் அங்கு நிலைத்து வாழ்வர் என்னும் நம்பிக்கையின் செயலுமாகும். ஆகவே மீண்ட வளவில் பறவை வளர்க்க விரும்புவோர் கோழியில் தொடங்கி, தாராவில் பழகி, நிலமும் வேலியும் ஒழுங்குக்கு வந்த பின்னரே ஓர் இணை வாத்தைக் கொண்டுவருதல் நன்று. அவ்விணை, வளவு பிள்ளைகளின் கைக்கு மாறும் நாளிலும் அங்கேயே மேய்ந்துகொண்டிருக்கக்கூடும்.