கதவைத் திறந்தவர்கள்

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண் கைப்பேசியில் தொடர்கதை படித்துக்கொண்டு வந்தாள். வளைவுகளில் வண்டி திரும்பும்போது தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்துக்கொண்டாளே தவிர, கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. மடியில் பையோடு பக்கத்தில் இருந்த அம்மா கேட்டார்: "இன்னாடி படிக்கிற?"

"கதைம்மா."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"அது அப்பவே ஆயிடுச்சி. இன்னும் ரெண்டு பேரும் பேசிக்கல."

தமிழ்க் குடும்ப நாவலின் இலக்கணம் முழுவதும் அந்தப் பதிலில் இருக்கிறது. முதலில் தாலி, பிறகு பேச்சு, கடைசியில் நம்பிக்கை. லக்ஷ்மி, அனுத்தமா காலத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய ரமணிசந்திரன் வரை, அங்கிருந்து 2014இல் தொடங்கிய பிரதிலிபி போன்ற தளங்களில் அன்றாடம் ஓர் அத்தியாயம் எழுதும் இல்லத்தரசிகள் வரை, இந்த நதி வற்றியதே இல்லை. விமர்சகர்கள் இதன் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. 1984இல் லக்ஷ்மிக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்த பிறகும், குடும்ப நாவலை இலக்கியமாக மதித்து எழுதப்பட்ட கட்டுரைகள் மிகக் குறைவு. இத்தனை பெண்கள் இத்தனை ஆண்டுகளாகப் படிக்கும் ஒன்றை அப்படி ஒதுக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

இவற்றில் ஒரு வகையை வாசகிகள் 'ஃபீல் குட் கதை' என்கிறார்கள். பெற்றவர்களை இழந்த ஒருத்தி, அல்லது சொந்தங்களே ஏமாற்றிவிட்ட ஒருத்தி, ஒற்றைப் பையோடு ஒரு மலை ஊரில் வந்து இறங்குவாள். அங்கே அவளுக்கு ரத்த சம்பந்தம் இல்லாத ஒரு பாட்டி, ஒரு தம்பி, அடுத்த வீட்டு அக்கா எல்லாரும் சொந்தமாகிறார்கள். யாரையும் நம்பாத ஒருவனும் அங்கே இருப்பான். இருவரும் மெல்ல மெல்ல நம்பக் கற்றுக்கொள்வதுதான் கதை.

இந்த வகையின் பலம் பெரியது. நம்பிக்கை சின்னச் சின்னச் செயல்களால் வளர்கிறது என்பதை இந்தக் கதைகள் அறிந்திருக்கின்றன. காய்ச்சலில் கிடப்பவளின் கைக்கெட்டும் தூரத்தில் வெந்நீரை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போகிறவன், அவள் பயப்படுவாள் என்று தெரிந்து வாசல் விளக்கை அணைக்காமல் விடுகிற பாட்டி. நம் வீடுகளில் அன்பு பெரும்பாலும் வாயால் சொல்லப்படுவதில்லை. சாப்பாட்டுத் தட்டில்தான் வந்து விழுகிறது. அதை இவ்வளவு நுணுக்கமாகப் பதிவுசெய்த எழுத்து தமிழில் வேறு அதிகம் இல்லை.

பெற்றோர் அல்லாதவரே உற்றவராவது நம் மரபுக்குப் புதிதும் அல்ல. சங்க அகப்பாடல்களில் தலைவியின் மனம் அறிந்தவர்கள் தோழியும் வளர்ப்புத் தாயான செவிலியும்தான். பெற்ற தாய்க்குச் செய்தி கடைசியில்தான் போய்ச் சேர்கிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டின் 261 அடிகளிலும் பேசுகிறவள் தோழி, கேட்கிறவள் செவிலி. அதில் தலைவன் மலைத்தெய்வத்தை வணங்கி, அருவி நீரைக் குடித்துச் சூளுரைக்கிறான். அந்தச் சூளை நம்பலாம் என்று எடுத்துச் சொல்கிற பொறுப்பு தோழிக்கு. நம்பிக்கைக்கு ஒரு சாட்சி வேண்டும் என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது.

அந்தப் பேருந்து ஏறிய ஜவ்வாது மலைக்கும் இதில் பங்குண்டு. மலைபடுகடாம் என்னும் சங்கப்பாட்டு பாடும் குறுநில மன்னன் நன்னனின் ஊரான செங்கண்மா, இந்த மலை அடிவாரத்தில் இருக்கும் இன்றைய செங்கம். பரிசில் தேடிப் போகும் கூத்தர்களுக்கு அந்தப் பாட்டு வழி சொல்கிறது. வழியில் உள்ள மலைச் சிற்றூர்களில் தயங்கி நிற்க வேண்டாம், உங்கள் வீடு போல நுழையுங்கள், நெடுநாள் பழகிய உறவினர் போலப் பேசித் தினைச்சோறும் இறைச்சியும் தருவார்கள் என்கிறது. முன்பின் தெரியாதவரை உறவாக்கிக்கொள்ளும் வீட்டை இந்த மலைப்பக்கத்தில் கவிஞர் ஒருவர் எப்போதோ பார்த்திருக்கிறார்.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, நம்பக் கற்றுக்கொள்ளும் வேலை பெரும்பாலும் பெண் தலையில் விழுகிறது. அவன் சந்தேகப்படுவான், கத்துவான், சில கதைகளில் மிரட்டியே தாலி கட்டுவான். அவனுக்குச் சிறுவயதில் நேர்ந்த துயரம் ஒன்று இருபதாம் அத்தியாயத்தில் வெளிவரும். உடனே அவள் எல்லாவற்றையும் மறந்துவிட வேண்டும். அவளுக்கு நேர்ந்ததைக் கேட்டு அவன் தன்னை மாற்றிக்கொள்ளும் அத்தியாயம் வருவதே இல்லை, வந்தாலும் முடிவுரையில் இரண்டு வரி. இதை நம்பிக்கை என்று சொல்ல என்னால் முடியவில்லை. பொறுத்துப் போகச் சொல்லி நம் பெண்களுக்குக் காலம் காலமாகக் கற்பித்ததுதான் இங்கே காதல் உடை உடுத்தி வருகிறது.

இரண்டாவது குறையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அப்படிச் சேர்ந்த புதுக் குடும்பத்தில், கதவைத் திறந்து விட்டவர்கள் யார்? மலைக்கதைகளில் எஸ்டேட் பங்களா இருக்கும், அதில் சமையல் செய்யும் ஓர் அம்மா, காவல் காக்கும் ஒரு தாத்தா இருப்பார்கள். நாயகியின் காயத்துக்கு மருந்து போடுவதற்கென்றே அவர்கள் படைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வீடு எங்கே, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், இவளை ஏற்றுக்கொண்டதில் அவர்களுக்கு என்ன இழப்பு என்று கதை கேட்பதில்லை.

இதே குறை ஜவ்வாது மலையின் பழங்கதையிலும் இருக்கிறது. இங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினரின் தோற்றம் பற்றி வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டில் பிரிட்டிஷ் அதிகாரி ஸ்டூவர்ட் எழுதிவைத்த மரபுக் கதையை, எட்கர் தர்ஸ்டன் 1909இல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தன் தொகுப்பில் எடுத்துத் தந்திருக்கிறார். காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் கங்குந்தி வேடர்கள் பெண் கேட்கிறார்கள். மறுக்கப்பட்டதும் ஏழு பெண்களைத் தூக்கிச் செல்கிறார்கள். அவர்களை மீட்க ஏழு பேர் ஏழு நாய்களோடு புறப்படுகிறார்கள். நாய்கள் மட்டும் திரும்பினால் நாங்கள் இறந்ததாக எண்ணிக் காரியம் செய்துவிடுங்கள் என்று மனைவிமாரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பாலாற்றில் வெள்ளம். பாதி ஆற்றில் நாய்கள் திரும்பி நீந்தி ஊர் போய்ச் சேர்கின்றன. வேடர்களைக் கொன்றுவிட்டு ஊர் திரும்பிய ஏழு பேரும், தங்களுக்குக் கருமாதி முடிந்து மனைவிமார் கைம்பெண்களாகி நிற்பதைப் பார்க்கிறார்கள். செத்தவர்களுக்குச் சாதியில் இடமில்லை. அவர்கள் வேடர் குலப் பெண்களை மணந்து ஜவ்வாது மலை ஏறி உழவு செய்து பிழைக்கிறார்கள். மற்ற மலைகளில் இந்த மரபுக்கு வேறு வடிவங்கள் உண்டு.

ஊர் கைவிட்டவர்கள் புதுக் குடும்பம் அமைத்த கதை இதைவிட அழுத்தமாகக் கிடைக்காது. ஆனால் அதில் வரும் பெண்களைப் பாருங்கள். தூக்கிச் செல்லப்பட்ட ஏழு பேர் பாதியிலேயே கதையிலிருந்து காணாமல் போகிறார்கள். காஞ்சிபுரத்தில் தாலி இழந்தவர்கள் உயிரோடு இருக்கும் கணவரைப் பார்த்து என்ன சொன்னார்கள் என்று தெரியாது. தங்கள் குல ஆண்களைக் கொன்றவர்களோடு மலை ஏறிய வேடப் பெண்கள் எப்படிச் சம்மதித்தார்கள், சம்மதித்தார்களா? அந்த ஆண்களை நம்ப அவர்களுக்கு எத்தனை காலம் பிடித்தது? எழுதப்பட வேண்டிய நாவல் அங்கேதான் இருக்கிறது.

அதே தொகுப்பில் இன்னொரு குறிப்பும் இருக்கிறது. மணமகன் ஓராண்டாவது பெண் வீட்டில் தங்கி மாமனாருக்கு உழைக்க வேண்டும் என்பது இம்மலையின் வழக்கமாக இருந்திருக்கிறது. இது எனக்குப் பிடித்த ஏற்பாடு. சாமை விதைப்பதில் தொடங்கிக் களத்தில் அடித்துத் தூற்றுவது வரை அவன் கண்முன் இருக்கிறான். கோபம் வந்தால் என்ன செய்வான், பசித்தால் எப்படிக் கேட்பான், கிழவிகளிடம் எப்படிப் பேசுவான் என்று வீடே பார்க்கிறது. நாவல்காரர்கள் தாலிக்குப் பிறகு வைத்ததை இந்த வழக்கம் முன்னால் வைத்தது. இதிலும் குறை உண்டு, மறைக்க வேண்டாம். உழைப்பு மாமனார் கணக்கில் சேர்ந்தது. பெண்ணுக்குக் கொடுக்கும் பரியமும் பெற்றவர் கைக்குத்தான் போனது. அந்த ஓராண்டின் முடிவில் "உனக்குச் சம்மதமா?" என்று அவளிடம் யாராவது கேட்டார்களா என்பதற்கு அந்தப் பக்கங்களில் விடை இல்லை.

மலைக் குடும்பங்களுக்கு நம்பிக்கை என்பது இன்று வயிற்றுப்பாட்டோடு கட்டிய விஷயம். ஆண்கள் வேலை தேடி வெளியூர் போகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 தமிழகத் தொழிலாளர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. அந்த வீடுகளில் கைப்பிள்ளையோடு நின்ற பெண்களுக்குச் சோறு போட்டதும் பிள்ளை பார்த்துக்கொண்டதும் யார்? மாமியாரும் பக்கத்து வீட்டாரும் ஊரும்தான் அந்த இடத்தில் குடும்பமாக நின்றிருக்க முடியும். எந்த ஃபீல் குட் கதையும் இந்தப் பக்கம் வந்ததில்லை.

இனிமையான உதாரணமும் இதே மலையில் இருக்கிறது. ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, மலையாளிப் பழங்குடியிலிருந்து உரிமையியல் நீதிபதியாகத் தேர்வான முதல் பெண் என்று 2024இல் தமிழகமே பாராட்டியது. படிக்கும்போதே திருமணம் ஆனது. பிள்ளை பெற்ற சில நாட்களிலேயே சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதினார். கணவரும் தாயும் துணை நின்றார்கள். பச்சை உடம்போடு மனைவியைத் தேர்வுக்கு அழைத்துப் போக ஒருவன் துணிவதும், அவனை நம்பி அவள் அந்தப் பயணத்துக்கு எழுந்திருப்பதும் எத்தனை அத்தியாயம் பெறும்! இதில் கட்டாயத் தாலியும் இல்லை, எஸ்டேட்டும் இல்லை.

ஆகவே இந்த வகை எழுத்தை ஒதுக்கச் சொல்ல மாட்டேன், அது இன்னும் வளர வேண்டும். குடும்ப நாவல் எழுதும் சகோதரிகளிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் நாயகியைப் போளூரில் பேருந்து ஏற்றி மலைக்கு அனுப்பும்போது, அவளுக்குக் கதவு திறக்கும் அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஒரு பெயர் வையுங்கள். உள்ளே வரலாமா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மேலே எழுதுங்கள்.